முதல் நாலு, கடைசி நாலு

அத்தியாயம் பதினொன்று

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன அறையில், இருபத்தாறு நாளாக ஒரு கம்ப்யூட்டர் கண்மூடாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. தொடர்ந்து வருபவர்களுக்கு இது தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: கிரிப்டோ என்கிற கண்ணுக்குத் தெரியாத காசின் கொடுக்கல் வாங்கலைச் சரிபார்க்க, உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் போட்டி போட்டுக்கொண்டு கணக்குப் போடுகின்றன. போட்ட கணக்குக்குக் கூலி உண்டு. கூலியும் அதே கண்ணுக்குத் தெரியாத காசுதான். இதற்கு மைனிங் என்று பெயர்.

இந்த வீட்டில் அதை ஆரம்பித்தவள் மூத்த மருமகள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருட வேலை. ஊரார் ரிசல்ட்டையே எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, தனக்கென்று ஒரு ரிசல்ட் பார்க்க ஆசை வந்தது. ஆசைப்பட்டது தப்பில்லை.

மூடிப்போன ஒரு இன்டர்நெட் கடையிலிருந்து இந்தக் கணக்கை வேகமாகப் போடும் இரண்டு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கினாள். லேபில் தூக்கிப்போட இருந்த இரும்புத் தட்டியை எடுத்து வந்து ஸ்டாண்டு ஆக்கினாள். அவள் கணவன், அதாவது பெரியவன், லிஃப்ட் மெக்கானிக். இயந்திரம் அதிராமல் இருக்க நாலு ரப்பர் துண்டு கொடுத்தான். மேல் வீட்டில் குடியிருக்கும் அவன் தம்பி, சின்னவன், பள்ளிக்கூட பஸ் டிரைவர். சாமான்களை எல்லாம் தோளில் சுமந்து வந்தான். அவன் மனைவி, நம் இளையவள், பிரின்டிங் கடையில் வேலை. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு சீட்டு அச்சடித்து ஒட்டினாள்.

கார்டைத் தொடும்போதெல்லாம் மூத்தவள் கையுறை போட்டுக்கொண்டாள். கார்டு சூடாகாமல் இருக்கத் தடவும் பசையை ஊசியில் எடுத்து, பத்தில் இரண்டு மில்லி என்று அளந்து வைத்தாள். "அக்கா, கம்ப்யூட்டருக்குத் தடுப்பூசியா?" என்று இளையவள் சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்புறம் சிரிப்பு நின்றது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால், பஸ் கம்பெனி தன் டிரைவர்களுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட் வந்தது. சின்னவன் ரத்தத்தில் மது. அதுவும் காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தத்தில். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். கம்பெனி அவனை வண்டி கொடுக்காமல் வீட்டில் உட்கார வைத்துவிட்டது. இளையவள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்து போட்டவள் மூத்தவள்.

"இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க அண்ணி" என்று சின்னவன் கெஞ்சியதற்கு அவள் சொன்ன பதிலைப் போன வாரம் கேட்டோம். "சொந்தக்காரருக்குன்னு ரெண்டாவது தடவை ஓட்டினா லேபே சிரிக்கும் தம்பி. மெஷின் பொய் சொல்லாது."

சரி, இன்றைக்கு வருவோம்.

*

காலை ஒன்பதரை. லேபின் பின்கட்டில் டீ குடித்துக்கொண்டே மூத்தவள் செல்போனைத் திறந்தாள். பல பேர் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து மைனிங் குழு நடத்துகிறவர்கள், கூலி ஓர் அளவு சேர்ந்த பிறகுதான் அனுப்புவார்கள். இருபத்தாறு நாளாகக் காத்திருந்த அந்த முதல் வரி இன்று வந்திருந்தது. அனுப்பப்பட்டது, காலை 8.12.

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அந்தக் காசு வந்து விழும் பணப்பையான வாலட்டைச் செல்போனில் திறந்தாள். பூஜ்யம்.

மூடித் திறந்தாள். பூஜ்யம். செல்போனையே அணைத்துப் போட்டாள். அப்போதும் பூஜ்யம்.

முகவரி தப்போ? குழுவின் இணையப் பக்கத்தில் இருந்த முகவரியையும், தன் வாலட் முகவரியையும் பார்த்தாள். நாற்பதுக்கும் மேலே எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான வால். அதை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். லேபில் தினமும் நூறு ரத்த ட்யூப்பின் நம்பர் பார்க்கிறாள். முதல் நாலு, கடைசி நாலு. இரண்டும் பொருந்தினால் டிக். பார்கோடு படிக்கும் கருவி கெட்டு ஆறு மாதம் ஆகிறது. அவள் கண்தான் கருவி.

முதல் நாலு பொருந்தியது. கடைசி நாலும் பொருந்தியது.

அப்படியென்றால் காசு வந்திருக்கிறது. வந்த காசை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில் அவள் மனம் நேராக மாடிப்படி ஏறி மேல் வீட்டுக்குப் போய் நின்றது. பகல் முழுக்க வீட்டில் இருப்பது யார்? குடிக்கிறவனுக்குக் கையில் காசு வேண்டும்தானே? நீங்களும் நானும் என்றால் கொஞ்சம் யோசித்திருப்போம். அவள் யோசிக்கவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

*

வீட்டுக்கு வந்ததும் முதலில் பீரோ மேலே பார்த்தாள். வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு ரகசிய வார்த்தைகளை ஒரு சீட்டில் எழுதி, சிறுநீர் பிடிக்கும் புது டப்பா ஒன்றில் போட்டு மூடி வைத்திருந்தாள். அந்த டப்பாவை ஜென்மத்துக்கும் யாரும் தொடமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. டப்பா வைத்த இடத்தில்தான் இருந்தது. திறந்துவிட்டு மூடியிருக்கலாம் என்று நினைத்தாள். சந்தேகம் வந்துவிட்டால் பூட்டிய பூட்டுகூடத் திறந்து பூட்டியது போலத்தான் தெரியும்.

அடுத்தது படிக்கட்டு அறை. தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன், கதவுக்கும் நிலைக்கும் சேர்த்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, தேதி போட்டு, சுருக்கக் கையெழுத்து போட்டுவிட்டுப் போவாள். ட்யூப் பெட்டிக்குச் செய்வதை வீட்டுக்கும் செய்தாள். பெரியவன்கூட, "நம்ம வீட்டையே சீல் வெச்சிட்டியே" என்று கேலி செய்ததுண்டு.

இன்றைய ஸ்டிக்கர் இருந்தது. ஆனால் அதன் ஓரம் லேசாகச் சுருண்டிருந்தது. எடுத்து மறுபடி ஒட்டிய ஸ்டிக்கர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

உள்ளே அனல். இரண்டு கார்டுகளும் உறுமிக்கொண்டிருந்தன. தரையில் வைத்திருந்த டேபிள் ஃபேன் காலையில் அவள் வைத்த திசையில் இல்லை. ஸ்டூல் ஒரு முழம் தள்ளி இருந்தது. யாரோ இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேலே போனாள். சின்னவன் குளியலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு நாளில் அந்த வீட்டில் கழற்றி மாட்டாத பொருள் எதுவும் பாக்கியில்லை.

"தம்பி, படிக்கட்டு ரூமைத் திறந்தீங்களா?"

"திறந்தேன் அண்ணி."

இல்லை என்பான் என்று எதிர்பார்த்து வந்தவளுக்குப் பேச்சு ஒரு கணம் தடுமாறியது.

"எப்போ?"

"தினமும்தான். நாலஞ்சு தடவை."

"ஸ்டிக்கரை என்ன பண்ணீங்க?"

"பிளேடால மெதுவா எடுத்துட்டு, திரும்ப ஒட்டிடுவேன்."

"எதுக்கு?"

"ஃபேனைத் திருப்பி வைக்க. வெயில் ஏற ஏற அந்த ரூம் அடுப்பு மாதிரி ஆயிடுது."

"அதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

சின்னவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நான் சொல்றதை நம்புற வீடா அண்ணி இது இப்போ?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம். "காலைல எட்டே காலுக்கு எனக்குக் காசு அனுப்பியிருக்காங்க. வாலட்ல ஒண்ணும் இல்ல. அந்த ரூமுக்குள்ள போனது நீங்க ஒருத்தர்தான். நான் வேற என்னன்னு நினைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"குடிகாரன்னு ஒரு பேர் ஏற்கனவே இருக்கு. பக்கத்துலயே திருடன்னும் எழுதிடுங்க அண்ணி. எழுதினா கையெழுத்து போடவும் ஆள் இருக்கு."

சுருக்கென்றது அவளுக்கு. வலித்ததை மறைக்கத்தான் மனிதர்கள் அதிகம் கோபப்படுகிறார்கள். கீழே இறங்கி வந்து கணவனுக்கு போன் போட்டாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்ல இருங்க. உங்க தம்பி விஷயம் இன்னைக்கு முடியணும்."

"என்ன முடியணும்?" பெரியவனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"ஒண்ணு, அவர் உண்மையைச் சொல்லணும். இல்ல, மேல் வீட்டைக் காலி பண்ணணும். ஒரே சமையல், ஒரே வீடுன்னு பதினோரு வருஷம் இருந்தது போதும்."

அந்தப் பக்கம் ஏதோ இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

"நான் இப்போ நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறேன்மா. இறங்கினதும் பேசறேன்."

"நீங்க எப்பவுமே நடுவுலதான்" என்று போனை வைத்தாள்.

வைத்த பிறகுதான் இளையவளின் நினைப்பு வந்தது. இளையவளை இந்த வீட்டுக்குப் பார்த்துக் கொண்டு வந்தவளே அவள்தான். ரத்தம் கொடுக்க வந்த பெண்ணின் முகம் பிடித்துப்போய், கொழுந்தனுக்குக் கேட்டுக் கட்டி வைத்தாள். ஓரகத்தி என்றால் ஊரில் எல்லாம் எலியும் பூனையும். இவர்கள் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஆறு மணிக்கு சின்னவன் படி இறங்கினால் அவளும் கூடத்தான் இறங்குவாள். அது தெரிந்துதான் மூத்தவள் பிரின்டிங் கடைக்குக் கிளம்பினாள். பஞ்சாயத்தில் கேள்விப்படுவதைவிட, தன் வாயால் முன்னாலேயே சொல்லிவிடுவது மரியாதை என்று நினைத்தாள்.

*

மணி இரண்டு. கடையில் கூட்டம் இல்லை. மை வாசனையும் சூடான காகித வாசனையும் சேர்ந்து அடித்தன. இளையவள் ஒரு விசிட்டிங் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த போன் நம்பரைக் கடைசியிலிருந்து முதலுக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டிக்கர், ஃபேன், ஸ்டூல், பூஜ்யம். சொல்ல வேண்டிய கடைசி வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. இளையவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"திருடிட்டாருன்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"அதைச் சொல்லத்தானே இந்த வெயில்ல வந்தீங்க?"

இளையவள் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துப் போட்டாள். பஸ் டிரைவர்கள் எழுதும் ட்ரிப் ஷீட்டின் நகல். "போன வாரம் இதுல நாப்பது காப்பி வேணும்னு ஒரு சீட்டுல எழுதி வெச்சார். நான்தான் அவரோட பேசறதில்லையே. வேலை இல்லாத மனுஷனுக்கு இது எதுக்குன்னு எரிச்சலா இருந்துச்சு. நேத்து அவர் சட்டையைத் துவைக்க எடுத்தப்போ பையில இது இருந்துச்சு."

மூத்தவள் வாங்கிப் பார்த்தாள். புறப்பாடு என்ற இடத்தில் நேரம். கிலோமீட்டர் என்ற இடத்தில் கார்டின் சூடு. குறிப்பு என்ற இடத்தில் பொடி எழுத்து. '11.20, எண்பத்து நாலு. ஃபேன் திருப்பினேன். 11.45, எழுபத்தொன்று. 1.10, புகை வாசனை மாதிரி. ஒயர் தொட்டுப் பார்த்தேன், சரி.' பஸ் இன்ஜினைப் பார்த்துக்கொள்வது போல அவள் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுமா? "அப்போ காசு எங்க போச்சு?" என்றாள்.

"எடுத்திருந்தா முதல்ல வந்திருக்கணும். உங்க வாலட்ல வந்த தடமே இல்லையே அக்கா. கொடுங்க, ரெண்டு முகவரியையும் பெருசா எடுக்கலாம்."

"நான் பார்த்தாச்சு. முதல் நாலு, கடைசி நாலு ரெண்டும் சரியா இருக்கு."

"நடுவுல?"

மூத்தவள் செல்போனை நீட்டினாள்.

"எங்க வேலையில முதலும் கடைசியும் பார்க்கவே மாட்டோம். அதை எல்லாரும் பார்ப்பாங்க, அதனால சரியாத்தான் இருக்கும். தப்பு எப்பவும் நடுவுலதான் சௌகரியமா உட்கார்ந்திருக்கும்."

இரண்டு முகவரிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக, கட்டைவிரல் அகல எழுத்தில் அச்சாகி வந்தன. இளையவள் ஸ்கேலை வைத்துக்கொண்டாள். அவள் மேல் வரியைப் பின்னாலிருந்து படிக்க, மூத்தவள் கீழ் வரியில் விரல் வைத்து வந்தாள். ஒன்பது, சின்ன கே, ஏழு, ஏழு. சரி, சரி, சரி, சரி. ஐந்தாவது எழுத்தில் விரல் நின்றது. ஆறாவதும் வேறு. அதற்கப்புறம் முதல் நாலு வரும்வரை ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"இது என்னோடது இல்ல" என்றாள் மூத்தவள்.

"போன வருஷம் எங்க கடை கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு வைரஸ் வந்துச்சு. நாம காப்பி பண்றது ஒண்ணு, ஒட்டும்போது விழறது இன்னொண்ணு. முன்னும் பின்னும் நம்மளோடது மாதிரியே இருக்கற முகவரியாப் பொறுக்கி வெச்சிருக்கும். நீங்க ஏதாவது இலவசமா இறக்கினீங்களா?"

இறக்கியிருந்தாள். இருபது சதவீதம் வேகம் கூடும் என்று எவனோ ஒரு வீடியோவில் சொன்ன புரோகிராம். பசையைப் பத்தில் இரண்டு மில்லி என்று அளந்தவள், அதை மட்டும் அளக்காமல் உள்ளே விட்டாள். வேகம் என்றதும் பேராசை வந்துவிட்டது.

"எல்லாத்தையும் போட்டோ எடுப்பீங்களே. முதல் நாள் செட்டிங் எடுத்தீங்களா?"

இருந்தது. இருபத்தாறு நாளுக்கு முன்பு, மாலை ஐந்து மணி. பெரிதாக்கிப் பார்த்தார்கள். அன்றைக்கே, அவள் கையாலேயே, அந்நியன் முகவரி ஒட்டப்பட்டு உட்கார்ந்திருந்தது. யாரோ முகம் தெரியாதவனுக்காக அவள் இருபத்தாறு நாள் ஃபேன் போட்டு, சீல் வைத்து, காவல் காத்திருக்கிறாள்.

"அன்னைக்கு இவர் ஸ்கூல் டூருக்கு வண்டி எடுத்துட்டுப் போயிட்டார் அக்கா. மறுநாள்தான் வந்தார்." இளையவளின் குரல் உடைந்தது. "அவர் ஊர்லயே இல்ல."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு பண்ணிட்டேன்மா. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். அவர்கிட்ட மன்னிப்பு கேட்கறேன்."

இளையவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் பார்வை அச்சடித்த தாளின் மேலேயே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் மாறியது. நிமிர்ந்து மூத்தவளைப் பார்த்த அந்தப் பார்வையில், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, சந்தேகம் இருந்தது.

"அக்கா, லேப்லயும் இப்படித்தான் பார்ப்பீங்களா?"

"எப்படி?"

"முதல் நாலு, கடைசி நாலு."

*

அந்தக் கேள்வியோடு மூத்தவள் லேபுக்கு ஆட்டோ பிடித்தாள்.

லேபின் நம்பர் பத்து இலக்கம். முதல் நாலு, அனுப்பிய நிறுவனத்தின் எண். பஸ் கம்பெனிக்கு 4417. நடுவில் இரண்டு, தேதி. கடைசி நாலு அன்றைய வரிசை எண். அது தினமும் காலையில் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். டிரைவர்கள் இரண்டு நாளாக வந்தார்கள். பன்னிரண்டாம் தேதி ட்யூப்கள் நீலத் தட்டில். பதின்மூன்றாம் தேதியின் ட்யூப்கள் சிவப்புத் தட்டில். பரிசோதனைக்கான கிட் தீர்ந்துபோனதால் பதினான்காம் தேதிதான் எல்லாவற்றையும் ஓட்டினாள். தட்டின் நிறத்தையும் குழியின் எண்ணையும் வைத்துத்தான் முடிவுகளை எழுதினாள். அன்று காலையில் ஃப்ரிட்ஜ் ஒழுகியது. ட்யூப்களை வெளியே எடுத்துவிட்டு, துடைத்துவிட்டு, திருப்பி அடுக்கினாள். அடுக்கியபோது எப்படிப் பார்த்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்னவன் ரத்தம் கொடுத்தது பன்னிரண்டாம் தேதி. வரிசை எண் முப்பத்தாறு.

ட்யூப்களை ஒரு மாதம் வைத்திருப்பார்கள். அது ஒன்றுதான் இப்போது அவளுக்குத் துணை. ஃப்ரிட்ஜைத் திறந்து நீலத் தட்டை வெளியே எடுத்தாள். முப்பத்தாறாவது குழியிலிருந்த ட்யூப்பை உருவி, லேபிளை வெளிச்சத்துக்குக் காட்டினாள். இளையவள் மாதிரி பின்னாலிருந்து படித்தாள். 0036. அப்புறம் 13.

சிவப்புத் தட்டின் முப்பத்தாறாவது குழியில் இருந்தது 12.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடம். எத்தனை ட்யூப், எத்தனை கையெழுத்து என்று நினைக்கவே பயமாக இருந்தது. எல்லாரையும் சந்தேகப்பட்டவள் ஒருத்தியை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருக்கிறாள்.

மெஷின் பொய் சொல்லவில்லை. அந்த ரத்தத்தில் மது இருந்தது. ஆனால் அது சின்னவன் ரத்தம் இல்லை.

அப்படியென்றால் யாருடையது? ரெஜிஸ்டரைப் புரட்டினாள். 4417 13 0036. பெயருக்கு எதிரே வேலை என்ற கட்டத்தில் 'மாற்று டிரைவர்' என்று இருந்தது. ரிப்போர்ட்: குறை எதுவும் இல்லை. கீழே அவள் கையெழுத்து.

சின்னவனுக்கு போன் போட்டாள். நாலாவது மணியில்தான் எடுத்தான்.

"சொல்லுங்க அண்ணி." குரலில் ஒன்றும் இல்லை.

"தம்பி, உங்க ஏழாம் நம்பர் வண்டியை இப்போ யார் ஓட்டறாங்க?"

"ஏன்?"

"சொல்லுங்க தம்பி."

"மாற்று டிரைவர்தான். எங்க கம்பெனியில ஒருத்தர்தான் இருக்கார். நான் டெஸ்ட் கொடுத்ததுக்கு மறுநாள் கொடுத்தாரே, அவர்."

மூத்தவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூணு நாற்பது. பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். ஏழாம் நம்பர் வண்டியில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள் என்று சின்னவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். ஒவ்வொன்றும் எங்கே இறங்கும் என்று அவனுக்கு மனப்பாடம்.

அவள் சொன்னாள். ட்யூப் மாறியதை, தேதியை, கையெழுத்தை, எதையும் மறைக்காமல் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். கடைசியில் "என்னை மன்னிச்சிடுங்க தம்பி" என்றாள். அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததைக் கேட்டாள்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"குழாய்க்கு வாஷர் வாங்க வந்தேன். கடைவீதியில."

"ஸ்கூல் எவ்வளவு தூரம்?"

"ஓடினா பத்து நிமிஷம்."

"ஓடுங்க. கம்பெனிக்கும் ஸ்கூலுக்கும் நான் போன் பண்றேன். வண்டியை எடுக்க விடாதீங்க."

அவன் ஓடவில்லை. ஓடியிருந்தால் மூச்சில் தெரிந்திருக்கும்.

"அண்ணி, ஸ்கூல் கேட்ல என் ரிப்போர்ட்டோட காப்பி ஒட்டியிருக்கு. என்னைக் கண்டாலே செக்யூரிட்டி கேட்டை மூடிடுவார். குடிகாரன்னு எழுதி ஒட்டின ஆள் நான். நான் போய் இன்னொருத்தரைக் குடிகாரன்னு சொன்னா யார் நம்புவாங்க?"

மூத்தவள் மறு கையில் இருந்த லேண்ட்லைனில் பள்ளிக்கூடத்தின் எண்ணை ஏற்கனவே அழுத்தியிருந்தாள். லைன் பிஸி என்ற சத்தம் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்த லைன் எப்போதுமே அப்படித்தான்.

கேட்டில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளை இனி ஒருத்திதான் பொய்யாக்க முடியும். அதில் கையெழுத்து போட்டவள். இரண்டு ட்யூப்களையும் பஞ்சு வைத்த பெட்டியில் போட்டுக்கொண்டு, ரெஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"கம்பெனிக்கு வழியில பேசிக்கறேன். நீங்க ஓடுங்க தம்பி. வண்டிக்கு முன்னால போய் நில்லுங்க. நம்ப வைக்க நான் வர்றேன்."

இப்போது செல்போனில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. லேபிலிருந்து பள்ளிக்கூடம் ஆட்டோவில் பதினைந்து நிமிடம்.

அவள் தெருவில் இறங்கியபோது மணி மூணு நாற்பத்தேழு. ஒரு ஆட்டோவும் இல்லை.